எங்கள் படகில் ஒரு கலியாணப் படம்

அன்புள்ள யெல்டோவுக்கு, அம்மா எழுதுவது. உடம்பில் குறையில்லை. ஆஸ்திரேலியாவில் வெயில் உன்னை வாட்டாமல் இருக்கட்டும்.

நம் துறைமுகத்தில் போன வாரம் முழுக்கத் திருவிழாதான். தொலைக்காட்சிக்காரர்கள் ஒரு நகைச்சுவைப் படம் எடுக்க வந்தார்கள். மணப்பெண் கலியாணத்தன்று படகில் ஏறி ஓடிவிடுகிறாளாம். படகு நம்முடையது. கடலணைக் கரையில் மேயும் ஆடு ஒன்று இறங்கி வந்து கலியாணக் கேக்கில் பாதியைத் தின்றுவிட்டது. அதையும் படத்தில் சேர்த்துவிட்டார்கள்.

படகோட்டியாக நடிக்க வந்தவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. கரையை விட்டு நகர்ந்ததுமே வாந்தி. இயக்குநர் மார்லீஸ், கொலோன் நகரத்துக்காரி, கெட்டிக்காரி, நேரே உன் அப்பாவிடம் வந்தாள். "நீங்களே நடிங்க ஐயா, ஒரே ஒரு வசனந்தான்" என்றாள். "எனக்குப் படகு ஓட்டத்தான் தெரியும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான்தான் சும்மா இருக்காமல் அவரைப் பார்த்து, "ஒக்கோ, உங்களால முடியாதுன்னு ஊரெல்லாம் சொல்லப் போறாங்க" என்றேன். அந்த மனுஷனுக்கு அது போதும்.

காட்சி இதுதான்: படகோட்டியிடம் கோபித்துக்கொண்டு போன மகன் கரையில் நிற்கிறான். படகிலிருந்து அப்பன், "மார்க்குஸ், நான் பேசினது தப்புடா. வீட்டுக்கு வா" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

உன் அப்பா அதைப் படகு கிளம்பும் நேரத்தை அறிவிப்பது போலச் சொன்னார். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அடுத்த தடவை 'தப்புடா' என்ற இடத்தில் நின்றுவிட்டார். அதற்கடுத்தும் அங்கேயேதான். மகனாக நடித்த பையன் மழையில் நடுங்கிக்கொண்டு நின்றான். மார்லீஸ், "வசனத்த விடுங்க. அவன் திரும்பிப் போயிடுவான், போகாம நிறுத்துங்க" என்றாள்.

பையன் திரும்பி நடந்தான். அப்பா சுக்கானை விட்டுவிட்டுப் படகின் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "யெல்டோ, படகு வேணாம்னா வேணாம்டா. நீ வீட்டுக்கு வா" என்று கத்தினார்.

யாரும் சிரிக்கவில்லை. பையன் நின்று திரும்பிப் பார்த்தான். காமிரா ஓடிக்கொண்டே இருந்தது.

பிறகு நம் சமையலறையில் தேநீர் குடித்தபோது, யெல்டோ யார் என்று மார்லீஸ் கேட்டாள். படகை ஏற்று நடத்த மாட்டேன் என்று நீ அப்பாவோடு சண்டை போட்டுப் போனதைச் சொன்னேன். "இதவிட நல்லா நான் எடுக்க முடியாது. படத்துல மகன் பேரை யெல்டோன்னு மாத்திடுறேன், மத்தவங்க வசனத்தை மறுபடி குரல் பதிஞ்சுக்கலாம்" என்றாள். அப்பாவோ, "ஆடு கத்தி கவனத்தைக் கலைச்சிடுச்சு" என்று கோப்பைக்குள் பார்த்தபடி சொன்னார். அந்நேரம் பக்கத்தில் ஆடே இல்லை. நான் அவர் கோப்பையில் இன்னும் கொஞ்சம் கிரீம் விட்டேன்.

ஈஸ்டருக்குப் படம் போடுவார்களாம். நான் எழுதியதை அப்பாவிடம் காட்டிக்கொள்ளாதே. அவர் இன்னொரு தடவை அதைச் சொல்வார் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். ஒரு தடவைக்கே மறுநாள் முழுக்கத் தொண்டை கட்டிக்கொண்டது. அங்கே லீவு கிடைக்குமா என்று கேட்டுப் பார். தொலைக்காட்சிக்கு எதிரே இருக்கும் சோபாவில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம்.

நன்றாக இரு, ராசா.

உன் அம்மா,
ஃபென்னா