டோஃபு போட்ட குருமா

ஈஜிபுரா, பெங்களூர்
11.8.2003

ஓசூரில் மகள் வீட்டில் இருக்கும் சொர்ணத்துக்கு,

பச்சைமுத்து எழுதுவது. என் கையாலேயே எழுதுவது. எழுத்து கோணலாக இருந்தால் நிறுத்தி நிறுத்திப் படி. இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய். நான் போன் செய்தால் பேச வராத அளவுக்குக் கோபம் இருக்கிறதே, உடம்பில் தெம்பு இல்லாமல் அத்தனை கோபம் வராது.

அவசரமான சேதியை முதலில் சொல்கிறேன். நம் மகனும் மருமகளும் தனியாகப் போக விவேக் நகரில் வீடு பார்த்துவிட்டார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அட்வான்ஸ் கொடுக்கிறார்கள். அதை நிறுத்த உன்னால்தான் முடியும். ஏன் என்று கடைசிவரை படித்தால் தெரியும்.

நீ போனுக்கு வரவில்லை, எனக்கோ எழுதத் தெரியாது. அதனால் சரளாவிடம் கற்றுக்கொண்டேன். அவள் அடுப்படியில் நிற்பாள், நான் சிலேட்டோடு பக்கத்தில் உட்காருவேன். ‘ழ’ எழுதிய அன்று குழம்பு தீய்ந்துவிட்டது. என்மேல் பழி போடாமல், “வெங்காயம் சரியில்ல மாமா” என்றாள். அப்படிப்பட்ட மருமகள்.

என் ரத்தத்தில் கொழுப்பு ஏறிவிட்டது, கறி வேண்டாம் என்று டாக்டர் சொன்னது உனக்கு நினைவிருக்கும். உங்களுக்கு ஒரு சட்டி, எங்களுக்கு ஒரு சட்டியா மாமா என்று கேட்டு, வீட்டுக்கே கறியை நிறுத்தியவள் அவள்தான். கோரமங்கலா கெஸ்ட் ஹவுஸ் சமையலை முடித்துக்கொண்டு இருட்டுகிற நேரத்துக்குத்தான் வருகிறாள். கால் கழுவின கையோடு அடுப்பைப் பற்றவைத்தால், டிவி செய்தி முடிவதற்குள் தட்டு வந்துவிடும்.

எல்லாம் அங்கே கற்றுக்கொண்ட டோஃபுதான். சோயா பாலைத் திரித்துச் செய்கிற வெள்ளைக் கட்டி. பார்வைக்குப் பன்னீர். தனக்கென்று ஒரு ருசியும் கிடையாது. சொல்லிக் கொடுத்ததைக் கற்றுக்கொள்ளும், என்னைப் போல. துணியில் சுற்றி, மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைப்பாள். தண்ணீர் வடிவதற்குள் வெங்காயமும் தக்காளியும் நறுக்கியாகிவிடும். உதிர்த்துப் போட்டுப் பச்சை மிளகாயோடு கிளறினால் முட்டைப் பொரியலேதான், சப்பாத்திக்கு அவ்வளவு பொருத்தம். மிளகும் சோம்பும் இடித்துப் போட்டு வறுத்தால், ஓரம் முறுகின துண்டுக்கு எனக்கும் உன் மகனுக்கும் போட்டி. புளிக்குழம்பில் கடைசியாகப் போட்டால் உடையாமல் நிற்கிறது.

போன வாரம் அதன் பேரை எழுதிக் காட்டச் சொன்னேன். ‘டோ’ எழுதி, மூன்று புள்ளி வைத்து, ‘பு’ எழுதினாள். மூன்று புள்ளி எதற்கு என்றேன். “காத்து விட்டுச் சொல்லணும் மாமா” என்று ஊதிக் காட்டினாள். எனக்கு முன்பல் ஏது? ‘டோபி’ என்றுதான் வந்தது. சொன்ன பிறகு எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

யுகாதிக்கு மறுநாள் பெட்டியை எடுத்தபோது நீ என்ன சொன்னாய்? “உன் மருமக ஓஸ்வால்ட் பொண்டாட்டிகிட்ட, அத்தைக்கு டோபி போட்டேன்னு சொல்லிச் சிரிக்கிறா. இந்த ஊர்ல டோபி போடறதுன்னா ஏமாத்தறதுன்னு எனக்குத் தெரியாதா?” என்றாய். இதை அவளிடம் கேட்கவோ சொல்லவோ கூடாது என்று என்னிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டு போனாய்.

சொர்ணம், அவள் சொன்னது டோஃபு. பண்டிகை ராத்திரி குருமாவில் போட்டிருந்தாள். நீ பன்னீர் என்று நினைத்து இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினாய். அந்தப் பெருமையைத்தான் பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள். ஓஸ்வால்ட் மனைவியிடம் நானே கேட்டுவிட்டேன். “எங்க அத்தை ரெண்டு வாட்டி போட்டுக்கினாங்கன்னு ஒரே குதி தாத்தா. உங்க வீட்டம்மாவுக்குக் காதுல பஞ்சா?” என்றாள்.

சரளாவுக்கு இது எதுவும் தெரியாது. கறி போடாததால் நீ போய்விட்டாய் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள். தாங்கள் தனியாகப் போனால் அத்தை தன் வீட்டுக்கு வந்துவிடுவார்கள் என்று சொல்லித்தான் வீடு பார்க்கக் கிளம்பினாள். உன்னை ஒரு வார்த்தை குறை சொல்லிக் கேட்டதில்லை. நான் சத்தியத்தில் மாட்டிக்கொண்டு சும்மா இருக்கிறேன்.

ஆகையால் சனிக்கிழமைக்குள் வந்துவிடு. அவளிடம் எதையும் விளக்க வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். செருப்பைக் கழற்றிவிட்டு, “இன்னிக்கு ராத்திரிக்கு என்னம்மா பண்ற?” என்று கேள். அது போதும். அவள் அழுதால் பார்க்காத மாதிரி இரு.

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம். அவர்கள் வீட்டில் எந்தக் குறையும் வராது.

நீ வந்தால் எனக்கும் நல்லதுதான். அதை எப்படி எழுதுவது என்று சரளாவிடம் கேட்க வெட்கமாக இருந்தது.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்
பச்சைமுத்து