ரங்கூன் மதினி ஊர் பார்க்க வந்தாள்

என் பிரியமுள்ள அண்ணனுக்கு,

நீ கண்மூடி இரண்டு மழைக்காலம் போய்விட்டது. உன் மனைவி இங்கே வந்துவிட்டுப் போனாள், அறிவாயா? ரங்கூனில் நீ ஒரு பர்மாக்காரியைக் கட்டியிருக்கிறாய், ஒரு மகளும் உண்டு என்பதை, ஆரியசாலையில் நான் கணக்கெழுதும் மிளகு மண்டிக்கு வரும் வியாபாரிகள் சொல்லித்தான் கேட்டிருந்தேன். நீ எழுதியதெல்லாம் 'இங்கே சுகம்' என்ற ஒரே வரி. அது எப்படிப்பட்ட சுகம்?

நீ போன பிறகு மதினிக்கு எழுதினேன். எனக்கும் பகவதிக்கும் பிள்ளை இல்லை, உன் மகளை அனுப்பினால் இங்கேயே படிக்க வைத்து வளர்க்கிறோம் என்று. பதில் வரவில்லை. மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அவளே தம்பானூரில் ரயில் இறங்கினாள். ஊரைப் பார்த்த பிறகுதான் முடிவு சொல்வாளாம்.

பட்டு லுங்கி, தலையில் பூ. கணவனை இழந்தவள் பூ வைத்திருப்பதைத் தெருவே நின்று பார்த்தது. பகவதியும் முதலில் அந்தப் பூவையே பார்த்தாள். மறுநாள் அவளே பிச்சிப்பூ வாங்கித் தொடுத்துக் கொடுத்தாள். அவர்கள் ஊர் வழக்கம் அது, நாம் யார் தடுக்க என்றாள் என்னிடம்.

மதினி பேசுவது அப்படியே உன் தமிழ். அடுக்களையிலிருந்து அவள் குரல் வரும்போதெல்லாம் நீதான் பேசுகிறாயோ என்று தோன்றும்.

எதையும் அவள் சும்மா விடவில்லை. ஆஸ்பத்திரியில் காசு கேட்காமல் மருந்து கொடுப்பதை நின்று பார்த்தாள். பெண்பிள்ளைகள் சிலேட்டோடு பள்ளிக்கூடம் போவதைப் பார்த்து, தன் மகளையும் பார்த்தாள். ரங்கூனில் டிராம் உண்டு, தெருவெல்லாம் விளக்கு உண்டு. ஆனால் பிழைக்கப்போன நம் ஆட்கள் ஒரே அறையில் நெருக்கியடித்துப் படுப்பார்களாம். இங்கே கூலிக்காரன் குடிசையைச் சுற்றியும் நாலு வாழை நிற்பது அவளுக்கு ஆச்சரியம். நீயும் அப்படி ஓர் அறையில்தான் கிடந்தாயா, அவளைக் காணும்வரை? எங்களுக்கு ஏன் எழுதவில்லை?

சாலைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனேன். தரையில் கீரை விற்கிற பெண்கள் உண்டு. எந்தக் கடையின் கல்லாவிலும் பெண் இல்லை. அவளுக்கோ ரங்கூன் சந்தையில் தாய்வழியாக வந்த துணிக்கடை. அன்று முழுக்க அதே யோசனை அவளுக்கு.

பக்கத்து நாயர் வீட்டில் சொத்து பெண்வழி, நம் வீட்டில் ஆண்வழி என்று பகவதி பேச்சுவாக்கில் சொன்னாள். மதினி என்னிடம் திரும்பினாள்.

"நடுவுல ஒரு சுவருதான இருக்கு. அங்கிட்டு ஒரு நாடு, இங்கிட்டு ஒரு நாடா?"

அண்ணே, நாம் பிறந்தது முதல் பார்க்கிற சுவர். இப்படி நினைத்ததே இல்லை.

புறப்படுவதற்கு முந்தின நாள், பிள்ளை முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தது. மதினி எங்கள் இருவரையும் உட்காரச் சொன்னாள்.

"பள்ளிக்கூடம் இங்கதான் நல்லது. பிள்ளை நல்லாப் படிக்கும். படிச்சு முடிச்சா?"

வாத்திச்சி ஆகலாம், நர்ஸ் ஆகலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பகவதி சொல்லிவிட்டாள்.

"கெட்டிக் குடுப்போம் அக்கா. வேற ஒண்ணும் எங்களுக்குத் தெரியாதில்லா."

அந்தப் பிள்ளைக்காக என்னைவிட ஏங்கியவள் அவள்தான். ஒரு பொய் சொல்லியிருந்தால் பிள்ளை எங்களோடு இருந்திருக்கும். மதினி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் மகளோடு ரயில் ஏறிவிட்டாள்.

பகவதி சில நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நேற்று விளக்கேற்றிவிட்டு அவளாகவே பேசினாள்.

"அக்காவுக்கு அங்க பொழுது எப்படிப் போகும்? ஒரு நாளாவது கூட இருந்து பாக்கணும் எனக்கு."

கல்யாணமான நாள் முதல் அவள் என்னிடம் கேட்ட முதல் ஆசை இது. வருகிற தையில் அவளோடு கப்பல் ஏறுகிறேன், அண்ணே. இது உனக்கு நான் தரும் வாக்கு.

உனக்குத் தம்பி, ரங்கூன்காரிக்குக் கொழுந்தன்,
ஆறுமுகம்