மறுகுரல் இல்லாத மலை

கடலும் மலையும் எல்லையாகக் கொண்ட ஆழிநாட்டின் கோமகனாராய், ஏழு கோட்டைக்கும் காவலராய், எளியோரும் அச்சமின்றி உறங்கும் வெண்குடைக்கு உரியவராய் விளங்கும் திருவாழி மாறவேள் திருமுன்னர், தங்கள் பாட்டனார் காலந்தொட்டு ஓலை எழுதியும் அமைச்சு ஏற்றும் நரைத்த காரியூர் கிழான் வெண்காடன், முள்ளிமலை அடிவாரத்து ஆற்றுமணலிலிருந்து வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் நாடு நீர்வளம் பெறுக. அரசியார் நலம் பெறுக. மகவுகள் நோயின்றி வளர்க. இவ்வாழ்த்தின் கடைசிச் சொற்களை எழுதுமுன் எழுத்தாணியை இருமுறை கீழே வைத்தேன். ஏனென்பதைத் தொடர்ந்து வாசித்து அறிக.

ஐம்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், பகைவரிடம் கோட்டையை இழந்து, தொடையில் வேல்பட்ட புண்ணோடு வந்த தங்கள் பாட்டனாரை ஒரு மழைக்காலம் முழுதும் ஒளித்துக் காத்தவர்கள் இம்மலைக் குடியினர். கோட்டை மீண்டதும் அவர் செய்த முதற்காரியம், மலையடியில் உள்ள குரற்பாறையில் நின்று அவர்களோடு உடன்படிக்கை செய்ததே. மலையும் மரமும் சுனையும் மலைக்குடிக்கே உரியவை. அவர்தம் வழக்கை அவர்தம் மன்றமே தீர்க்கும். அரசன் கை அங்கே நீளாது. மேலே ஆளிருக்கக் கீழிருந்து வருபவர் எவராயினும் பாறையில் நின்று மூன்று முறை குரல் கொடுக்க வேண்டும். மறுகுரல் வந்தால் ஏறலாம், வராவிடில் திரும்ப வேண்டும், திரும்பாது ஏறியவர் திருடர். இவ்விதி இருதிறத்தார்க்கும் ஒன்றே. அதை ஓலையில் பொறித்த எழுத்தாணி என் கையில் இருந்தது. அப்போது எனக்கு வயது இருபது. பாட்டனார் ஆண்டுதோறும் இங்கு வந்து, பல்லக்கை விட்டிறங்கித் தாமே குரல் கொடுத்து நின்றதைக் கண்டிருக்கிறேன். ஒருமுறை மறுகுரல் வராமல் மழையில் நனைந்தபடி திரும்பினார், முகம் சுளிக்கவில்லை.

இவ்வாண்டு, புதிய நூற்றுக்கால் மண்டபத்துக்கு வேங்கைமரம் வேண்டுமென்று பணித்து, என்னையும் தளபதி கொற்றங்குடியாரையும் அனுப்பினீர்கள். பாறையில் நின்று மூன்று முறை குரல் கொடுத்தேன். மறுகுரல் இல்லை. மலைக்குடியினர் அனைவரும் முன்னோர்க்குச் செய்யும் பன்னிருநாள் கடனுக்காகக் கூடல்துறைக்குச் சென்றிருந்தனர் என்பதைப் பின்னரே அறிந்தேன். அவையில் ஓலை வாசித்து எவரும் எழாவிடில், அனைவரும் இசைந்தனர் எனக் கொள்வது நம் வழக்கம். அவ்வழக்கத்தை இங்கே இழுத்து வந்து, மறுப்பவர் எவருமில்லை, ஏறுக என்று சொன்னவன் நானே. ஐயோ, என் கையால் எழுதிய விதியை என் வாயால் கொன்றேன்! தளபதியைக் குறை கூறாதீர்கள். அவர் என்னைக் கேட்டார், நான் தலையசைத்தேன். மரம் வெட்டத் தொடங்கியதும் படையை மலைமேல் விட்டுவிட்டுத் தலைநகர் திரும்பினேன்.

பதின்மூன்றாம் நாள் வந்தவர்கள் தம் மலைமேல் நம் வீரரின் அடுப்புப் புகையைக் கண்டனர். அவர்கள் வில்லெடுக்கவில்லை. பாறையில் நின்று மூன்று முறை குரல் கொடுத்தனர். நம் வீரருக்கு அவ்வழக்கம் தெரியாது; கேட்டும் கேளாதவராய்ச் சோறு வடித்துக்கொண்டிருந்தனர். மறுகுரல் வராததால் நூற்றறுபது பேரும் தம் வீட்டுக்குப் போகாமல் ஆற்றுமணலுக்குத் திரும்பிவிட்டனர். அன்றுதொட்டு நாற்பது நாளாக, காலைதோறும் குரல் கொடுப்பதும் திரும்புவதுமாய் இருக்கின்றனர். மழை தொடங்கிவிட்டது. காய்ச்சலில் இரண்டு கைக்குழந்தைகள் இறந்தன. மணலில் புதைத்த குழிகளை வெள்ளம் கொண்டுபோயிற்று.

செய்தி கேட்டு ஓடி வந்தேன். மலைமன்றத்தின் தலைவியான மூப்பத்தி சடைச்சி என்னை அடையாளம் கண்டுகொண்டாள். உங்கள் மலைக்கு நீங்கள் ஏற எவர் தடை, ஏறுங்கள் என்று மன்றாடினேன். அவள் சொன்னதை அவள் சொல்லாலேயே எழுதுகிறேன். அவைமொழியில் திருத்தினால் பொய்யாகிவிடும்.

“ஓலக்காரரே, மேல ஆளிருக்கு. பதிலு வராம ஏறுனா திருடன்னு நீங்கதானே எழுதுனீங்க? எழுதப் படிக்கத் தெரியாத நாங்க அதைக் காப்பாத்திட்டு நிக்கிறோம்.”

வீரரை மறுகுரல் கொடுக்கச் சொல்கிறேன் என்றேன். சிரித்தாள்; அந்தச் சிரிப்பைச் சாகுமட்டும் மறவேன். “குடுத்தா ஏறுவோம். ஆனா அன்னையிலருந்து மலை அவங்களோடது, நாங்க விருந்தாளி. எங்க புள்ளைங்களும் விருந்தாளி. அதுக்கு இந்த மணலே தேவல.” வீரரை இறக்கிவிட்டால் போதாதா என்றேன். தானாக இறங்கியவன் தன் இடமென்று சொல்லி நாளை மீண்டும் ஏறுவான் என்றாள். அப்படியானால் என்னதான் வழி என்று கேட்டேன்.

“நீங்க ஏறுனது திருட்டுன்னு உங்க ராசா இந்தப் பாறையில நின்னு சொல்லட்டும். திருடன் உள்ள இருந்தா வீட்டுக்காரி எதுக்குக் குரல் குடுக்கணும்? நேரா ஏறிப் போவோம்.”

வேந்தே, நேற்று வரை மூன்றாம் குரல் அவளுடையது. நேற்று மாலை சடைச்சி காய்ச்சலில் இறந்துபோனாள். இன்று காலை இரண்டு குரல்களே எழுந்தன. மூன்றாவதைக் கொடுக்க எவருக்கும் வாய் வரவில்லை. அவளை மணலில் புதைக்க அவள் மக்கள் இசையவில்லை. வாழையிலை பரப்பிப் பாறைமேல் கிடத்தி, மலையைப் பார்த்தபடி வைத்திருக்கிறார்கள். மழை விடவில்லை. உடல் காத்திருக்காது.

ஆகவே, படை இன்றே இறங்குக, இனி ஒரு கோடரியும் எழாதிருக்க என்று, என் இலச்சினையின் கடைசி ஆணையாகத் தளபதிக்கு எழுதிவிட்டேன். நான் திருடினேன் என்று பாறையில் நின்று உரக்கச் சொல்லியும் விட்டேன். கேட்டார்கள், எவரும் எழவில்லை. உடன்படிக்கை செய்தது அரசர் வாய், அமைச்சன் வாய் அதற்கு ஈடாகாது. மண்டபத்துக்கு மரம் எங்கும் கிடைக்கும். தலைநகரிலிருந்து இங்கு வரக் குதிரைக்கு ஒரு பகல் வழி. சொல்ல வேண்டியது ஒரே சொல்.

இது காரியூர் கிழான் வெண்காடன் எழுத்து. இலச்சினை மோதிரத்தை அரக்கில் பதித்து, அதையும் இவ்வோலையோடு கட்டி அனுப்பினேன். என் விரலுக்கு இனி அது வேண்டாம். விடையை ஓலையில் எழுத வேண்டா. இன்றைய மூன்றாம் குரல் இதுவே என்று கொள்க. மறுகுரலுக்காகப் பாறையடியில் நிற்கிறோம்.