பனியில் மாட்டிக்கிட்ட பொய்

அன்பு மகள் ட்வைலாவுக்கு,

அப்பா எழுதறேன். கர்த்தர் கிருபையில நானும் அம்மாவும் காலுக்கு ரெண்டு ரெண்டு சாக்ஸ் மாட்டிக்கிட்டு சுகமா இருக்கோம். நீயும் மாப்பிள்ளை ஆண்டர்ஸும் சுகம்னு அம்மா ஞாயித்துக்கிழமை போன்ல கேட்டு எனக்குச் சொல்லிட்டா, இருந்தாலும் கடுதாசின்னா கேட்கணும் இல்லையா, கேட்டதா வச்சுக்கோ.

இங்க பனி கொட்டிச்சு. சிரிக்காதே. மின்னசோட்டாவுல நீ தினம் காரைத் தோண்டி எடுக்கறவ, உனக்கு நாலு அங்குலம் தூசு மாதிரி. தெற்கு அலபாமாவுக்கு அது பிரளயம். வெள்ளிக்கிழமை சாயங்காலமே கடையில ரொட்டியும் இல்ல பாலும் இல்ல, சனம் அள்ளிட்டுப் போயிடுச்சு, உங்க அம்மாவும்தான், ஆறு பாக்கெட் ரொட்டி வாங்கிட்டு வந்திருக்கா, வீட்ல இருக்கறது ரெண்டு கிழடு. சமையல்கட்டுக்கு அடியில தண்ணிக் குழாய் வெடிச்சுது. குழாயைச் சொட்ட விட்டுட்டுப் படுங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனேன்னு அவ மேல நின்னு கத்த, நான் கீழ மல்லாந்து கிடந்து குழாய்க்குத் துணி சுத்தினேன். ஞாயித்துக்கிழமை கோயில் இல்லன்னு பாஸ்டர் சொல்லிட்டார். அம்மாவுக்கு இடுப்பு வலி அப்படியே இருக்கு, டாக்டர்கிட்ட போன்னா எனக்கு ஒண்ணுமில்லங்கறா, நீ சொன்னா கேட்பா.

இதையெல்லாம் சொல்ல நான் பேனா எடுக்கலம்மா. எனக்கு ஒரு விஷயம் நாலு நாளா மண்டையைக் குடையுது, தலையும் புரியல காலும் புரியல, அம்மாகிட்ட சொன்னா கண்ணைச் சோதிச்சுக்கோங்கங்கறா. சனிக்கிழமை காலையில நம்ம வேட்டைக் கேம்ப்புக்குப் போனேன். இந்தப் பனியில போகாதவன் வேட்டைக்காரனான்னு உன் மாமன் டெல்மர் விடியறதுக்கு முன்னாடியே வந்து ஹாரன் அடிச்சான். அவனோட நாய்ங்க கதையைக் கேட்டா நீ சிரிப்பே. கேம்ப்ல வந்து வண்டிக் கதவைத் திறந்து விட்டான், ஏழு நாயும் வழக்கம்போலக் குதிச்சுதுங்க, கால் பனியில பட்டதும் ஏழும் திரும்ப வண்டிக்குள்ள ஏறிப் படுத்துக்கிச்சுங்க. பொறந்ததுல இருந்து பனியைக் கண்டதில்ல பாவம். டெல்மர் கெஞ்சறான், திட்டறான், ஒண்ணு அசையல. உன் மச்சினன் வீட்டு நாயெல்லாம் உன் மச்சினன் மாதிரியேதான்னு எல்லாரும் என்னை ஓட்டறாங்க. சரி நாய் இல்லாம அவனவன் இடத்துல போய் உட்காருவோம்னு பிரிஞ்சோம். நான் ஓடைக்கரை பீச் மரத்தடிக்குப் போனேன்.

அம்மாடி, அந்தக் காலையை எப்படிச் சொல்றது. காடே வாயை மூடிக்கிட்டு இருந்துச்சு. அம்பது வருஷமா அதே மரத்தடியில உட்கார்றேன், அந்த இடத்தை நான் பார்த்ததே இல்ல போல இருந்துச்சு. பைன் மரத்து ஊசி ஒவ்வொண்ணுலயும் வெள்ளை. ஒரு செங்குருவி வந்து பக்கத்துக் கிளையில உட்கார்ந்துச்சு, அது அசைஞ்சதுல என் தொப்பி மேல பனி விழுந்துச்சு, நான் தனியா உட்கார்ந்து சிரிச்சேன். கை விறைச்சுப் போச்சு, மூக்கு ஒழுகுது, ஆனாலும் எழுந்து போக மனசு வரல. ஒரு மணி நேரத்துக்கு அப்புறம் அது வந்துச்சு. கலைமான், எட்டு முனைக் கொம்பு, நல்ல கழுத்து. முதுகு மேல பனி கரையாம உட்கார்ந்திருக்கு. நேரா என்னைப் பார்த்து நடந்து வந்து பன்னிரண்டு தப்படி தூரத்துல நின்னு, முன்னங்காலால பனியைச் சீய்ச்சு ஓக் கொட்டையைப் பொறுக்கித் தின்னுது. கடிக்கற சத்தம் எனக்குக் கேட்குது. துப்பாக்கி தோள்ல ஏறிடுச்சு, பூட்டைத் தள்ளிட்டேன், விரல் விசை மேல இருக்கு. இருந்துச்சு, அவ்வளவுதான். நான் பார்த்துக்கிட்டே இருந்தேன். அது தின்னு முடிச்சுது, உடம்பை உதறிச்சு, ஓடையைத் தாண்டிப் போயிடுச்சு.

நான் மனசு மாறிட்டேன்னு நினைக்காதே. இரக்கமும் இல்ல ஒண்ணும் இல்ல, நேத்துகூட மான் சாசேஜும் பிஸ்கட்டும்தான் தின்னேன், அம்மாவோட ஃப்ரீசர் பாதி காலி, அவ அதைச் சொல்லிக் காட்டாத நாள் இல்ல. சுட வேண்டாம்னு நான் முடிவு பண்ணவும் இல்ல. வெறும் துப்பாக்கியோட எழுந்து நடக்கறேன், மனசு நிறைஞ்சு கிடக்கு. ஒண்ணும் கொல்லாம ஒருத்தன் இவ்வளவு சந்தோஷமா இருக்கலாமா? எனக்குப் புரியல ட்வைலா. இதுக்கு மேல செஞ்சதுதான் இன்னும் புரியல. மத்தியானம் கேம்ப்ல டெல்மர், என்ன அத்தான், ஏதாவது வந்துச்சான்னு கேட்டான். ஒரு அணில்கூட எட்டிப் பார்க்கலடான்னு சொல்லிட்டேன். ஏன் சொன்னேன்? அந்த மானை அவன்கிட்ட சொல்லப் பிடிக்கல, அவ்வளவுதான் தெரியும்.

நாங்க எல்லாரும் பொய் சொல்லித்தான் வளர்ந்தோம், அது உனக்கே தெரியும். பைன் சருகு மேல மான் நடந்தா யாருக்குத் தெரியும், இத்தனை வருஷம் எவனும் மாட்டினதில்ல. பனின்னு ஒண்ணு கிடக்குங்கறதே எனக்கு மறந்து போச்சு! டெல்மர் என்னோட தெர்மாஸை எடுக்க மரத்தடிக்குப் போனான். போனவன் கால் மணி நேரமா வரல. வந்தான், முகம் கோணிக்கிட்டு இருக்கு, அத்தான் அந்த அணிலுக்குக் குளம்பு இருந்துச்சா, கொட்டை தின்னுச்சான்னான். எல்லாரும் எழுந்து ஓடினாங்க. மான் வந்த தடம், நின்ன இடம், சீய்ச்ச குழி, தின்ன கொட்டைத் தோல், பன்னிரண்டே தப்படியில என் பூட்ஸ் தடம், எல்லாம் புத்தகத்துல அச்சடிச்ச மாதிரி கிடக்கு. காலித் தோட்டா மட்டும் இல்ல.

கறிக் குழம்பு அடுப்புல இருக்கறப்பவே பஞ்சாயத்து வச்சுட்டாங்க. கேம்ப்புக்குத் தலைவர் இன்னும் பெரியவர் பர்விஸ்தான், எண்பத்தோரு வயசு, கரண்டியால மேஜையைத் தட்டி உட்கார்ந்துட்டார். சுட்டுத் தவறவிட்டா சட்டையோட பின்பக்கத் தொங்கலை அறுத்து, பேரும் தேதியும் எழுதி சுவத்துல ஆணி அடிக்கறது நம்ம சட்டம். சுடவே இல்லன்னா? அதுக்குச் சட்டமே கிடையாது, இப்படி ஒருத்தனை இதுவரை பிடிச்சதில்லயே. பொய் சொன்னதுக்கு அறுக்கணும்னான் டெல்மர். பொய்க்கு அறுத்தா இந்த வீட்ல ஒருத்தன் மேலயும் சட்டை தங்காதுடான்னார் பர்விஸ். அப்புறம் என்னைப் பார்த்து, ஹாலிஸ், ஏன் சுடலங்கறதை மட்டும் சொல்லு, விட்டுடறோம்னு நல்லபடியாத்தான் கேட்டார். யாரையும் பார்க்க முடியாம சுவத்தைப் பார்த்தேன். அங்க உன்னோட சட்டைத் துண்டு தொங்குது. நீலக் கட்டம் போட்டது, மூணாவது வரிசை, ஓரத்துல.

இருபத்தி ரெண்டு வருஷம் ஆச்சு. உனக்குப் பதினாறு வயசு. ஒரே ஒரு வெடி கேட்டுச்சு, ஓடி வந்தேன், ரத்தம் இல்ல, முடி இல்ல, மான் தடம் மட்டும் இருந்துச்சு. தவறிப் போச்சுப்பான்னு சொன்னே. என் கத்தியாலயே உன் சட்டையை அறுத்தேன். அறுபட்டவனும் சேர்ந்து சிரிக்கறதுதான் வழக்கம், நீ சிரிக்கல, எனக்கு அது கோபம். பதினாலு பேர் முன்னால, இதுக்குத்தான் பொட்டப்புள்ளைய கூட்டிட்டு வரக்கூடாதுங்கறதுன்னு நான்தான் சொன்னேன், வேற யாரும் சொல்லல. அதுக்கப்புறம் நீ கேம்ப்புக்கு வரல. அப்புறம் ஊருக்கே வர்றது குறைஞ்சு போச்சு. போன்ல என்கிட்ட மழையும் வெயிலும்தான். ஒரு சட்டைத் துணிக்கு இவ்வளவு ரோஷமான்னு நான் அம்மாகிட்ட எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன்.

அந்தச் சுவத்துக்கு முன்னால நின்னப்பதான் இன்னொண்ணு ஞாபகம் வந்துச்சு. அடுத்த வாரமே உன் தோட்டாவை ஓக் மரத்துல பார்த்தேன். ரெண்டு ஆள் உயரத்துல இருந்துச்சு. இவ்வளவு மோசமாவா என் பொண்ணு சுடறான்னு தலையில அடிச்சுக்கிட்டு வந்துட்டேன், யார்கிட்டயும் சொல்லல, எனக்கு வெட்கம். அறுபது தப்படியில வேலிக்கம்பு மேல வச்ச ஜாம் பாட்டில் மூடியை ஒண்ணுவிடாம தட்டி விடுவியே நீ! உனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்! அந்த மூடி ஏன் எனக்கு இருபத்தி ரெண்டு வருஷமா ஞாபகம் வரல? நீ சுடாம வந்தா நான் கேட்பேன்னு பயந்து வானத்தைப் பார்த்துச் சுட்டியா? அந்த மானை உனக்குப் பார்த்துக்கிட்டே இருக்கணும் போல இருந்துச்சா? இல்ல நிஜமாவே கை நடுங்கிச்சா? நான் ஏதாவது நானே கட்டிக்கறேனோ என்னவோ, தெரியல. உன்னைத் தவிர யாரும் சொல்ல முடியாது.

அறுத்துக்கோங்கன்னு சட்டையை வெளிய இழுத்து விட்டேன். டெல்மருக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு, அத்தான் சும்மா விளையாட்டுக்குத்தான்னான். பரவால்லடா, ஆனா என்னோடதை ட்வைலா இடத்துல அடிங்க, அவளோடதை என்கிட்ட குடுங்கன்னேன். சுவத்துல ஏறினது இறங்கக் கூடாது, கேம்ப் கட்டின நாள்ல இருந்து சட்டம் அதுதான்னு பர்விஸ் கரண்டியால தட்டினார். அப்புறம் உன் மாமன்தான் எழுந்து போய் ஆணியைப் பிடுங்கினான். துணியைத் தட்டி மடிச்சு என் பாக்கெட்ல வச்சான்.

திங்கக்கிழமை எல்லாம் உருகிப் போச்சு, வெறும் சேறு, தடமும் போச்சு. இப்ப நான் மான் வரலன்னு அடிச்சுச் சொன்னாலும் காட்டுல சாட்சி கிடையாது. அதனாலதான் உனக்கு எழுதி அனுப்பறேன். வந்துச்சு, பார்த்தேன், சுடல.

துணி இந்தக் கவர்லயே இருக்கு. மேல உன் பேரு என் கையெழுத்துல இருக்கு, அதுக்கு மன்னிச்சுக்கோ. மிச்சச் சட்டையை அம்மா அலமாரியில வச்சிருக்காளாம், எனக்கே இப்பதான் தெரியும். அவ அதைத் துவைச்சு அனுப்பறேன்னா, வேண்டாம் அப்படியே அனுப்பலாம்னு நான்தான் சொன்னேன். சேர்த்துத் தைக்கறதா எரிக்கறதான்னு உன் இஷ்டம்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, மாப்பிள்ளையையும் ஆசீர்வதிப்பாராக. வண்டி டயர் தேய்ஞ்சிருந்தா மாத்து, அந்த ஊர் பனியில விளையாடாதே. ஞாயித்துக்கிழமை போன் பண்ணறப்ப அம்மாகிட்ட பேசிட்டு வச்சுடாதே, அப்பாகிட்ட குடுன்னு சொல்லு. நான் பக்கத்துலதான் உட்கார்ந்திருப்பேன். மழை வெயில் கேட்க மாட்டேன்.

உன்னோட அப்பா,
ஹாலிஸ்