கடப்பாக் கல்லைத் திருப்பிப் போட்டோம்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து பேய்க்காற்று. கொடியில் துணி நிற்கவில்லை. என் பனியன் இரண்டு பக்கத்து வீட்டு மாடியில். வெயில் மட்டும் குறைந்தபாடில்லை.

பாத்ரூமை இடிக்க ஆரம்பித்தாயிற்று. ஒன்பது வருஷமாக "அடுத்த மாசம்" என்று மனைவி சரோஜாவிடம் சொல்லி வந்தது இதைத்தான். ஏப்ரலில் அவள் அதே பாத்ரூமில் வழுக்கி விழுந்து, தொடை எலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, கே.கே. நகரில் அவள் தம்பி குமரன் வீட்டில் இருக்கிறாள். அங்கே படி கிடையாது. இங்கே கொல்லைக் கோடியில், ஒரு அடி இறங்கிப் போகவேண்டிய இருட்டுப் பொந்து. தரையில் பாசி.

போனில் அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்ட நிபந்தனைகள்:
1. படி கூடாது.
2. வழுக்கக் கூடாது.
3. பகலில் லைட் போடாமல் கண் தெரிய வேண்டும்.
4. உட்காருகிற கமோடு.
5. "உங்க பழைய சாமான் ஒண்ணு கூட உள்ள வரக் கூடாது."

ஆனி முடிவதற்குள் வேலை முடியவேண்டும். ஆடியில் வீடு மாறிப் போகக் கூடாது என்கிறாள் குமரன் மனைவி. விட்டால் ஆவணி.

ஜூன் 5, வியாழன்

கொத்தனார் ஜபருல்லா பாய் சுவரைத் தட்டிப் பார்த்தார். டொக் டொக் என்று வெற்றுச் சத்தம். கையால் இழுத்தார், சிமெண்ட் பூச்சு தோசை மாதிரி வந்தது. உள்ளே ஈரம்.

"இது சுண்ணாம்பு வச்சுக் கட்டின செவுரு சார். மேல சிமெண்டை அப்பி மூச்சை அடைச்சுட்டாங்க. ஓதம் வெளிய போகாம உள்ளயே நின்னு பாசியாயிருக்கு."

"அப்ப?"

"திருப்பியும் சுண்ணாம்புதான். டைல்ஸ் ஒட்டினா ரெண்டே வருஷம், கழண்டு கையில வரும்."

சிமெண்ட் பூசச் சொன்னது நான்தான், வீட்டுக்கு வந்த புதிதில். அதை பாயிடம் சொல்லவில்லை.

ஜூன் 7, சனி

பக்ரீத். பாய் லீவு. மதியம் அவர் வீட்டிலிருந்து பிரியாணி டப்பா. ஒரே ஆள், இரண்டு வேளைக்கு ஆயிற்று.

அடையவளஞ்சான் வீதியில் ஒரு பழைய வீட்டை அபார்ட்மெண்ட் கட்ட இடிக்கிறார்கள். சும்மா பார்க்கத்தான் போனேன். (இது நானே நம்பாத பொய்.) கூடத்தில் கடப்பாக் கற்கள், கனமானவை, பதினாலு. கடப்பாறையால் உடைத்து லாரியில் கொட்டத் தயாராக நின்றார்கள். மேஸ்திரியைக் கேட்டேன். "தூக்கிட்டுப் போங்க சார், எங்களுக்கு ஒரு லோடு மிச்சம்" என்றார். மூன்றடி அகலத்தில் ஒரு இரட்டைக் கதவு, தேக்கு. மேலே வைக்கிற கலர் கண்ணாடி ஜன்னல் ஒன்று, சின்னது.

குட்டியானை வண்டி பிடித்து எல்லாம் வீட்டுக்கு வந்தாயிற்று. ஐந்தாவது நிபந்தனை இன்று மாலை ஆறு மணிக்குக் காலி.

ஜூன் 10, செவ்வாய்

கடுக்காயும் வெல்லமும் தட்டிப் போட்டு டிரம்மில் ஊறவைத்து நாலு நாள். அந்தத் தண்ணீரில்தான் சுண்ணாம்பைக் குழைக்கவேண்டுமாம். டிரம்மை நிழலுக்காகச் சமையலறையில் வைத்தது தப்பு. ஊரிலுள்ள எறும்பெல்லாம் இங்கே. நாற்றம் தெருவரை.

எதிர்வீட்டு வரதன் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார். "என்ன சார், வீட்டுல ஆள் இல்லைன்னதும் சாராயம் காச்சறீங்களா?"

இல்லை என்று டிரம்மைத் திறந்து காட்டினேன். சந்தேகம் தீர்ந்த மாதிரி தெரியவில்லை.

ஜூன் 12, வியாழன்

கே.கே. நகர். மாம்பழம் வாங்கிப் போனேன். சரோ வாக்கரைப் பிடித்து ஹாலில் நாலு சுற்று வந்தாள். முகம் தெளிவு. கை கட்டை மாதிரி இறுகிப் பிடித்திருக்கிறது.

"என்ன டைல்ஸ் போடறீங்க?"

"கருப்பு."

"கருப்பு டைல்ஸா? வழுக்காதா?"

"வழுக்காது."

கருப்பு என்பது உண்மை. டைல்ஸ் என்பது பொய்.

பிறகு பாத்ரூம் போக எழுந்தாள். குமரன் மனைவி கூடவே போனாள். உள்ளே வரை. கதவைத் தாழ்ப்பாள் போடுவதே இல்லையாம் விழுந்ததிலிருந்து. குளிக்கும்போதும் ஆள் பக்கத்தில் நிற்கவேண்டும். எனக்கு யாரும் சொல்லவில்லை இத்தனை நாள். குமரன் பஸ் ஸ்டாப்புக்கு வரும்போது சொன்னான். "அக்காவுக்குக் கால் சரியாயிடுச்சு அத்தான். பயம்தான் போக மாட்டேங்குது."

இதை எங்கும் எழுதவில்லை, எழுதிவிடுகிறேன். அவள் விழுந்த அன்று நான் வீட்டில் இல்லை. எடமலைப்பட்டி புதூரில் யாரோ பழைய ஜன்னல் விற்கிறார்கள் என்று பார்க்கப் போயிருந்தேன். போன் சட்டைப் பையில், சத்தம் குறைத்து. ஒன்றரை மணி நேரம் ஈரத் தரையில் கிடந்திருக்கிறாள். ஐந்தாவது நிபந்தனை அங்கேயிருந்து வந்தது. அவள் வாயால் ஒரு தடவை கூடச் சொல்லிக்காட்டவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

தரை மேடாகிவிட்டது. படி போயிற்று. கடப்பாக் கல்லைப் போட்டுப் பார்த்தோம். எத்தனையோ வருஷம் நடந்து நடந்து கண்ணாடி மாதிரி தேய்ந்திருக்கிறது. பாய் தண்ணீர் ஊற்றினார். நான் கால் வைத்தேன். வைத்த கால் நிற்கவில்லை. பாய் என் சட்டையைப் பிடித்தார்.

பதினாலு கல்லும் வீண், பொய் சொன்னதும் வீண் என்று உட்கார்ந்திருந்தேன்.

பாய் ஒரு கல்லை நெம்பிக் கவிழ்த்துப் போட்டார். "அடிப்பக்கம் பாருங்க சார்." சொரசொரவென்று, பூனை நாக்கு மாதிரி. தண்ணீர், பிறகு சோப்புத் தண்ணீர், பிறகு தேங்காய் எண்ணெய் கூட ஊற்றிக் கால் வைத்தேன். நின்றது.

எல்லாக் கல்லையும் திருப்பியே போடுவது என்று முடிவு. இத்தனை நாள் மண்ணைப் பார்த்துக் கிடந்த பக்கம் இனி மேலே.

ஜூன் 22, ஞாயிறு

சொல்லாமல் கொள்ளாமல் பதினோரு மணிக்கு வாசலில் ஆட்டோ. சரோவும் குமரனும்.

நான் சுண்ணாம்புக் கையோடு நின்றேன். அவள் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வீட்டின் நீளத்துக்கும் வந்தாள். பாத்ரூம் வாசலில் நின்று தரையைப் பார்த்தாள். மேலே கலர் கண்ணாடியைப் பார்த்தாள். வெயில் அதன் வழியாக இறங்கி வெள்ளைச் சுவரில் பச்சையும் மஞ்சளுமாகக் கிடந்தது.

"இது டைல்ஸா?"

"இல்ல. கடப்பாக் கல்லு. இடிச்ச வீட்டுது."

"கண்ணாடி?"

"அதே வீட்டுதுதான்."

பாய் "டீ குடிச்சுட்டு வரேன் சார்" என்று நழுவினார். குமரனையும் இழுத்துக்கொண்டு.

"பொய் சொன்னீங்க."

"ஆமா."

அவ்வளவுதான் சொல்லியிருப்பேன். ஆனால் அவள் கையைப் பார்த்தேன், வாக்கரை இறுக்கியிருந்த கை. "அன்னிக்கு நான் வீட்டுல இருந்திருக்கணும் சரோ. மன்னிச்சுக்க" என்றேன். முப்பத்தோரு வருஷத்தில் இந்த வார்த்தையை இவளிடம் சொன்னதாக ஞாபகம் இல்லை.

மறுபடி கலர் கண்ணாடியைப் பார்த்தாள். கிணற்றடியில் காக்காய்.

"அந்த ஜன்னல் கிடைச்சுதா?"

"இல்ல. நான் போறதுக்கு முன்னாடியே வேற ஆள் எடுத்துட்டுப் போயிட்டான்."

சிரித்தாள். முதலில் மூக்கால், அப்புறம் வாய்விட்டு. சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் துடைக்கவேண்டியிருந்தது. சுண்ணாம்புக் கை, எரிச்சல்.

செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லில் கால் வைக்கப் போனாள். வாக்கர் நுழையவில்லை! வாசல் இரண்டடிக்குக் கொஞ்சம்தான் மேலே. நானும் பாயும் மூன்று வாரமாக அந்த வாசல் வழியாகப் போய் வருகிறோம், ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

"நல்லா கட்டினீங்க. நான் வெளியவே நின்னு குளிக்கவா?"

பிறகு கொல்லைச் சுவரில் சாய்த்திருந்த தேக்குக் கதவைப் பார்த்தாள். நான் அதை மறைத்துப் போட்டிருந்த கோணியையும் பார்த்தாள். "அது எத்தனை அடி?"

"மூணு."

"அப்புறம் என்ன? செவுத்தை இடிச்சு அதை வைங்க. வெளிப்பக்கமா திறக்கணும். உள்ள யாராவது விழுந்தா கதவைத் தள்ள முடியாது, எனக்குத் தெரியும்."

ஜூலை 1, செவ்வாய்

வாசல் பெரிதாயிற்று. கதவு உட்கார்ந்துவிட்டது. பூச்சு மூன்றாவது கை. பாய் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மினுக்குகிறார், முட்டை ஓடு மாதிரி. பூச்சு அவசரப்படாது, காற்று பட்டு மெதுவாகத்தான் இறுகும் என்கிறார். ஆனிக்குள் என்று நான். "இன்ஷா அல்லாஹ்" என்று அவர்.

கமோடு மட்டும் புதுசு. அதில் நான் வாயே திறக்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

பிடித்துக்கொள்ளக் கம்பி. பாலக்கரையில் பழைய இரும்புக் கடை, உடைத்துப் போட்ட பஸ்ஸின் கைப்பிடிக் கம்பிகள், எவர்சில்வர், துருவே இல்லை. சுண்ணாம்புச் சுவரில் போல்ட் மட்டும் நிற்காது என்று சுவரைத் துளைத்து வெளிப்பக்கம் இரும்புப் பட்டை வைத்து முடுக்கினோம். நான் தொங்கிப் பார்த்தேன். பாய் தொங்கிப் பார்த்தார். இரண்டு பேரும் சேர்ந்து தொங்கினோம். அசையவில்லை.

இந்தத் தடவை மறைக்கவில்லை, சரோவுக்குப் போட்டோ அனுப்பினேன். மணப்பாறை ஸ்கூலுக்கு இருபத்திரண்டு வருஷம் பஸ்ஸில் போய் வந்த டீச்சர். உடனே போன்.

"அந்த பஸ்ல இதைப் புடிச்சுட்டுத்தான் நின்னேன். வீட்டுலயும் எனக்கு சீட் கிடையாதா?"

ஜூலை 9, புதன்

குளிக்கிற தண்ணீர் இனி சாக்கடைக்கு இல்லை. செங்கல் ஜல்லியும் மணலும் போட்ட குழி வழியாக வாழைக்கு. உடைந்த பழைய செங்கலெல்லாம் அந்தக் குழிக்கே சரியாகப் போயிற்று. கடையில் கேட்டு, செடிக்குக் கெடுதல் இல்லாத சோப்பு வாங்கினேன். வாசனை சுமார். சரோ என்ன சொல்வாளோ.

எறும்பு இன்னும் போகவில்லை.

ஜூலை 14, திங்கள்

வந்துவிட்டாள். ஆனி முடிய இரண்டு நாள் பாக்கி. பூச்சு இன்னும் முழுசாகக் காயவில்லை, சுவர் மேல் தண்ணீர் அடிக்கக் கூடாது என்று பாய் கண்டிஷன்.

காபி குடித்தாள். கொல்லையைச் சுற்றிப் பார்த்தாள். "குளிக்கணும்" என்றாள். துணைக்கு வந்திருந்த குமரன் மனைவி எழுந்தாள். "நீ உக்காரு" என்றாள் சரோ.

வெந்நீர் விளாவி வைத்தேன். வாக்கர் உள்ளே போயிற்று, கதவு மூடியது. நான் வெளியே.

"கதவுகிட்ட நிக்காதீங்க."

"நிக்கல."

"கீழ நிழல் தெரியுது."

நகர்ந்தேன். அப்போது அந்தச் சத்தம். கடக். உள்தாழ்ப்பாள். குமரன் மனைவி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

சமையலறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். செம்பு சத்தம் கேட்கிறது. நிற்கிறது. திரும்பக் கேட்கிறது. இருபது நிமிஷம். இருபத்தைந்து. நிற்கும்போதெல்லாம் என் பேனாவும் நிற்கிறது. இப்போது ஏதோ முணுமுணுப்பு, பாட்டு மாதிரி.

கூப்பிடுகிறாள். "ஏங்க! துண்டு எங்க?"

துண்டு வைக்க மறந்துவிட்டேன்.