ரயிலுக்கு நீ போட்ட ஒற்றை நட்சத்திரம்

அன்பு மகன் முகேஷுக்கு, அப்பா சுருளி சொல்லச் சொல்ல உன் அக்கா பாண்டிமீனா எழுதுவது. காளவாசலில் அக்கா வீட்டில்தான் இருக்கிறேன், நேரத்துக்குக் கஞ்சியும் மாத்திரையும் கிடைக்கிறது, உடம்புக்குக் குறை இல்லை. மனசைப் பற்றி நீயும் கேட்க வேண்டாம், நானும் உன்னைக் கேட்கவில்லை. மஸ்கட்டில் வெயில் கொளுத்துகிறதாம், ஒச்சாண்டம்மன் உன் தலைக்கு மேல் நிழலாக நிற்கட்டும். போனில் பேசினால் அம்மா என்ற சொல் வந்ததும் நீ வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். அக்கா இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள், பாதியில் விடாமல் கடைசி வரை படி.

முந்தாநாள் முனீஸ்வரி என்று ஒரு பிள்ளை எனக்குப் போன் பண்ணியது. ஆண்டிபட்டியில் பிறந்தவள், ஒத்தக்கடையில் வாழ்க்கைப்பட்டவள், அம்மா போன அன்று அதே பெட்டியில் வந்து என் நம்பரை வாங்கி வைத்திருந்தவள். ரயில் நேரம் பார்க்கப் போனில் மேப்பைத் திறந்திருக்கிறாள். கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போடுவது போல இப்போது ரயிலுக்கும் ஏறி இறங்கியவர்கள் நட்சத்திரம் போட்டு நல்லது கெட்டது எழுதலாமாமே. அதில் முதலில் வந்து நின்றது உன் அம்மா படம். பக்கத்தில் ஒற்றை நட்சத்திரம். எங்கம்மா இந்த ரயில்லதான் செத்துச்சு, பெட்டி நெறைய ஆளு இருந்தும் ஒரு வாய் தண்ணி குடுக்க நாதியில்ல, இதுல வாரவங்க மனுசங்களே இல்ல என்று நீ எழுதியிருக்கிறாய். அக்கா எடுத்துப் படித்துக் காட்டினாள், எம்புட்டோ பேர் அதற்குக் கட்டைவிரல் காட்டியிருக்கிறார்களாம். அந்தப் பிள்ளை அழுதது. ஐயா, நான் செஞ்சது தப்பாய்யா, மனசுல ஏதும் இருந்தா என்னைய நேராவே வைஞ்சிருங்கய்யா என்று கேட்டது.

நீ அங்கிருந்து எழுதினாய், நான் அந்தப் பெட்டியில் இருந்தேன், அதனால் கேள். நெஞ்சை அழுத்துகிறது என்று அம்மா சொன்னாள், மறுநாள் மதுரையில் பெரிய டாக்டரிடம் காட்டலாம் என்று உசிலம்பட்டியில் சாயங்கால ரயில் ஏறினோம். பஸ்ஸில் போவோம் என்றேன், அவள் கேட்கவில்லை. அகலப் பாதை போடுகிறோம் என்று தண்டவாளத்தைப் பெயர்த்துப் போட்டு வருஷக்கணக்காக ரயில் இல்லாமல் கிடந்து, திரும்ப வந்த அன்று எஞ்சினுக்குச் சூடம் காட்ட முண்டியடித்துப் போனவள் ஆயிற்றே அவள். பெட்டியில் கூட்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் முனீஸ்வரி கைக்குழந்தையோடு எழுந்து நின்று இடம் கொடுத்தாள். உன் அம்மா சும்மா வருவாளா, எம் மகன் முகேசுக்கு உன்னைய மாதிரி ஒருத்திய பாக்கணும்த்தா, அவன் பொண்ணு பாக்கவே விடமாட்டேங்குறான், ஒட்டகத்தக் கட்டிக்கிருவான் போல என்று உன் குறையை அவளிடம் கொட்டிக்கொண்டு வந்தாள். ரெண்டு பேரும் சிரித்தார்கள். வடபழஞ்சி தாண்டியதும் தலை சாய்ந்துவிட்டது. எதிர்ச்சீட்டுக்காரர்கள் எழுந்து அவளைப் படுக்க வைத்தார்கள், ஒருத்தர் துண்டால் விசிறினார், ஒருத்தர் போன் போட்டு மதுரை ஸ்டேஷனில் ஸ்ட்ரெச்சர் நிற்கச் சொன்னார். மூச்சு இழுத்த இழுப்பிலேயே எனக்குத் தெரிந்துபோனது. மகன் பால் ஊற்றவேண்டிய நேரம், மகன் கடலுக்கு அந்தப் பக்கம். நான் அவள் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தேன். முனீஸ்வரிதான் குழந்தைக்கு வைத்திருந்த பாலைப் பிளாஸ்க் மூடியில் ஊற்றிக்கொண்டு அம்மா காதோரம் குனிந்து, அம்மா, முகேஷ் வந்துருக்கேம்மா, வாயத் தொறங்க என்றாள். திறந்தாள்டா. ரெண்டு மடக்கு உள்ளே போனது, மூன்றாவது கடைவாயில் வழிந்தது. இருந்த பாலெல்லாம் தீர்ந்து அந்தக் குழந்தை மதுரை வரைக்கும் பசியில் கத்திக்கொண்டே வந்தது, பெட்டியில் ஒருத்தரும் சடைத்துக்கொள்ளவில்லை.

ஸ்டேஷனுக்கு வந்த உன் தாய்மாமன் மலைச்சாமியிடம் இதைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப்போனது. மச்சான், மகன் இருக்கையில முகந்தெரியாத வேத்தாளு பால் ஊத்துச்சுன்னு வெளிய சொல்லாதீக, என்ன ஆளுகளோ எவுகளோ, ஊரு சிரிக்கும் என்றார். நான் இருந்த இருப்பில் அவரோடு என்ன பேசுவது. அவர்தான் உனக்குப் போனில் தண்ணி கொடுக்கக்கூட ஆளில்லை என்று சொல்லியிருக்கிறார். கூடப்பிறந்தவளைப் பறிகொடுத்த மனுஷன், அவரை நான் வையவில்லை, நீயும் வையாதே. ஆனால் அவர் மூடி மறைத்துச் சொன்னதை நம்பி நீ ஊர் உலகத்துக்கே எழுதி வைத்துவிட்டாய். லீவு கிடைக்காமல் அம்மாவை மண்ணுக்குள் வைத்ததை வீடியோவில் பார்த்த பிள்ளை நீ, அந்தக் கோபத்தைக் கொண்டுபோய் இறக்க உனக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது, எனக்குப் புரியாமல் இல்லை. அந்த இடம் அந்த ரயில் பெட்டி இல்லைப்பா. இன்றைக்கே அழித்துவிடு. ரயிலைப் பற்றி எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் கூட்டம் தாங்கவில்லை, இன்னும் ரெண்டு பெட்டி சேர்க்க வேண்டும் என்று எழுது, ஏறுகிற சனத்துக்கு உதவும். அந்தப் படத்தையும் எடுத்துவிடு, அது ரேஷன் கார்டுக்கு எடுத்தது, மூக்குத்தியே தெரியவில்லை என்று உன் அம்மாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது.

நேரத்துக்குச் சாப்பிடு, தனியாகப் படுக்காதே, அறையில் நாலு பேரோடு இரு. அக்கா மாப்பிள்ளை உன்னை விசாரித்தார். உன் அம்மா எங்கிருந்தாலும் உனக்குத் துணை இருப்பாள், நான் இருக்கிறவரை நானும் இருக்கிறேன். முனீஸ்வரி நம்பரை அக்கா கீழே எழுதியிருக்கிறாள், மறக்காமல் பேசு. போனை வைக்கும்போது அந்தப் பிள்ளை சொன்னது, உங்க மகன் பேச்சு எப்புடி இருக்கும்னு தெரியாமலே அவரா நெனச்சுப் பேசிட்டேன்யா, அம்மா என் குரலை நம்புச்சா இல்லையான்னு அதுலருந்து எனக்கு ஒரே நெனப்பா இருக்கு என்று. நீ பேசினால் உன் குரலை அவள் ஒரு தடவை கேட்டுக்கொள்வாள்.

இப்படிக்கு,
உன் அப்பா சுருளி
(இடது கைப் பெருவிரல் வைத்திருக்கிறேன்)