கடையும் கம்பஸும்

நேற்று இரத்தம் எடுக்கப் போயிருந்தேன். தாதி என் கையில் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சைத் தேய்த்ததும் அந்த மணத்தோடு நீ வந்துவிட்டாய். ஊசி குத்தியதுகூடத் தெரியவில்லை. "வலிக்கிறதா, மதாம்?" என்று அந்தப் பிள்ளை கேட்டபோது நான் பரிஸில், ஸ்டாலின்கிராட் மெற்றோவடியில் நாம் இருந்த அறையில் நின்றுகொண்டிருந்தேன். பல்கலைக்கழகத்தில் பயிற்சிக் கணக்குகளை ஸ்பிரிட் ஊற்றும் மெஷினில் படியெடுத்துவிட்டு, ஊதா மை ஊறிய விரல்களோடு நீ வருவாய். உனக்கு முன்னால் இந்த மணம் வரும். "கையைக் கழுவிப்போட்டுச் சட்டியைத் திற" என்று நான் கத்துவேன். நீ கழுவவே மாட்டாய்.

நீ கண்ணை மூடி இவ்வளவு காலம் கழித்து உனக்கு எழுதுகிறேன் என்றால், பாசம் பொங்கி என்று நினைக்காதே. எனக்கு ஒரு விஷயம் இன்னும் விளங்கவில்லை. விளங்கப்படுத்தக்கூடிய ஒரே ஆள் நீதான்.

எண்பதுகளின் கடைசிப் பகுதி அது. ஃபொபூர் சேன்-தெனித் தெருவின் மேல் முனையில், லா சப்பலுக்குக் கிட்ட, நம்மவர் ஒருவரின் பலசரக்குக் கடை. நான் காசுப் பெட்டியடியில் இருந்தேன். நீ மரக்கறிப் பக்கமும் கருவாட்டுப் பக்கமும். ஊரில் பல்கலைக்கழகத்தில், நம் பேச்சில் கம்பஸில், கணிதம் படிப்பித்தவள் நீ. மேற்படிப்புக்கு இங்கே வந்தாய், நாடு பற்றி எரிந்ததால் திரும்பிப் போக முடியாமல் நின்றாய், கலாநிதிப் பட்டத்தையும் முடித்தாய். பிறகு பட்டத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வெண்டிக்காய் நிறுத்தாய். அதில் உனக்கு வெட்கமே இருந்ததில்லை. எனக்குத்தான் அடிக்கடி பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் உன்னைப் பல்கலைக்கழகத்தில் கூப்பிட்டார்கள். கிழமையில் இரண்டு பின்னேரம், முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் செய்விக்க வேண்டும். வக்காத்தேர் என்று உனக்கு ஒரு பெயர். மணித்தியாலக் கணக்கில் படிப்பிப்பவர் என்றுதான் அதற்குப் பொருள். எத்தனையோ கடுதாசிகள் கேட்டார்கள். கடையில் வேலை செய்வதாகவும் ஒன்று வேண்டுமென்றார்கள், முதலாளி எழுதித் தந்தார். இந்த நாட்டில் மூக்குச் சிந்துவதற்கும் கடுதாசி கேட்பார்கள் என்று சிரித்தோமே தவிர, அதைப் பற்றி நாம் இருவரும் யோசிக்கவில்லை.

முதல் நாள் வந்து நீ சொன்னது நினைவிருக்கிறது. "இருக்க இடமில்லையடி. படியிலை இருக்குதுகள், யன்னல் கட்டிலை இருக்குதுகள். ஒரு வகுப்பை ரெண்டாப் பிரிச்சாலும் போதாது."

"அப்ப உன்னை நிரந்தரமா எடுப்பினம்" என்றேன்.

"ஓம், பிள்ளையள் கூடினால் வாத்திமாரும் கூடத்தானே வேணும்" என்றாய். கணிதம் படித்த நீயே அப்படிச் சொன்னாய். நிரந்தர விரிவுரையாளர் பதவி ஒன்று: அதற்குப் பிறகு உன் வாழ்வில் வேறு ஆசை எதையும் நான் கண்டதில்லை. மெற்றோவில் நின்றபடியே பாடம் ஆயத்தம் செய்வாய். கறுத்த கோட் ஒன்றைப் படிப்பிக்கப் போகும் நாளுக்கு மட்டும் என்று வைத்திருந்தாய்.

அடுத்த வருடம் அங்கே ஒரு வயதான பேராசிரியர் ஓய்வு பெற்றார். அவருடைய இடத்துக்கு ஆள் எடுப்பார்கள் என்று நீ பார்த்துக்கொண்டே இருந்தாய். எடுக்கவில்லை. அவருடைய பாடங்களைத் துண்டு துண்டாக வெட்டி, வங்கியில் வேலை செய்யும் ஒருவருக்கும், காப்புறுதிக் கந்தோரில் இருந்த ஒருவருக்கும், உனக்குமாகப் பிரித்தார்கள். எனக்குத் தலை சுற்றியது. ஒருவர் போன இடத்தில் மூன்று பேர் நின்றீர்கள். அப்படியானால் ஆசிரியர் தொகை கூடியதா, குறைந்ததா?

"ரெண்டும்தான்" என்றாய்.

"விசர்க்கதை கதையாதை. ஒண்டைச் சொல்லு."

"இஞ்சை மட்டுமில்லையடி. லண்டன், அமெரிக்கா, ஒஸ்ரேலியா, காசுள்ள நாடு எல்லாத்திலையும் இப்பிடித்தான் போகுதெண்டு பேப்பரிலை எழுதியிருக்கு. தலையை எண்ணினால் கூடிக்கொண்டு வருது. நிரந்தரமா இருக்கிற ஆக்களை மட்டும் எண்ணினால் அந்தளவுக்குக் கூடேல்லை. பிள்ளையளோடை ஒப்பிட்டால் இன்னும் மோசம்." விளக்கிச் சொல்லும்போது உன் குரலில் ஒரு சந்தோஷம் வரும், நீ உன்னைப் பற்றித்தான் சொல்கிறாய் என்பதையே மறந்துவிட்டு.

உனக்கு மணித்தியாலம் கூடிய செய்தி கடைக்கு வந்ததும்தான் எல்லாம் தொடங்கியது. முதலாளி அண்ணை பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். படிப்பித்த ஆட்களைக் கண்டால் எழும்பி நிற்பார். உன்னை வேலைக்கு வைத்துக்கொண்டும் "ரீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு அவர் கைகளைத் துடைத்துக்கொண்டு உன் முன்னால் வந்து நின்றார்.

"ரீச்சர், பரிஸ் கம்பஸிலை படிப்பிக்கிற ஆள் என்ரை கடையிலை நிண்டு கருவாடு நிறுக்கிறது எனக்குப் பாவம். இனி நீங்கள் வரவேண்டாம். அங்கை முழுசா நிண்டு படிப்பியுங்கோ, அவை கட்டாயம் நிரந்தரமாக்குவினம்."

யாரும் மறுத்துப் பேசவில்லை. நாம் யாழ்ப்பாணத்துச் சனம் அல்லவா, நமக்கு அது நூற்றுக்கு நூறு சரியாகப் பட்டது. கடைக்குள் அரிசி மூட்டைகளை ஒதுக்கி ஒரு மேசை போட்டு, உனக்குச் சேலையும் பழத்தட்டும் தந்து, கேக் வெட்டி அனுப்பினோம். வாடிக்கையாளர்கள்கூடக் கைதட்டினார்கள். நீ அழுதாய். எனக்கும் அழுகை வந்தது, பெருமையில்.

அந்தப் புரட்டாதியில் பல்கலைக்கழகக் கந்தோருக்கு நானும் உன்னோடு வந்தேன். காரியதரிசிப் பெண் நல்லவள், உன்னைக் கண்டதும் சிரித்தாள். உன் கடுதாசிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்கள் முதல் வேலை எங்கே, மதாம்?" என்று கேட்டாள்.

"இதுதான்" என்றாய்.

"இது இரண்டாவது வேலை. வெளியே ஒரு முதல் வேலை இருப்பவர்களுக்குத்தான் நாங்கள் மணித்தியாலம் தரலாம். விதி அப்படி."

"நான் இதற்காகத்தான் அந்த வேலையை விட்டேன்."

அவள் பேனாவை மூடி வைத்தாள். "ஐயோ மதாம், ஏன் விட்டீர்கள்?" என்று உண்மையாகவே கவலைப்பட்டுக் கேட்டாள். நீ கடுதாசிகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாய்.

வெளியே வந்து நீ சிரிக்கத் தொடங்கினாய். மெற்றோவிலும் நிறுத்தவில்லை. "கடை இருந்தால் கம்பஸ். கடை இல்லாட்டிக் கம்பஸ் இல்லை. இதை என்னெண்டடி அம்மாவுக்கு எழுதுறது?" என்றாய். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

முதலாளி அண்ணை அன்றைக்கே உன்னைத் திரும்ப எடுத்தார். எடுத்ததற்கான கடுதாசியையும் எழுதினார். அடுத்த நாள் அதைக் கொண்டு நீ ஓடினாய். உன் மணித்தியாலங்களை அதற்குள் வங்கிக்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த வருடமும் அதையே சொன்னார்கள். பிறகு நீ போவதை நிறுத்திவிட்டாய். கறுத்த கோட்டைக் குளிருக்குப் போடத் தொடங்கினாய். அதைப் போட்டுக்கொண்டு நீ கருவாட்டுப் பெட்டி தூக்கிய முதல் நாள், நான் காசுப் பெட்டியைச் சாத்திவிட்டுப் பின்பக்கம் போய் நின்றுவிட்டு வந்தேன்.

இப்போதும் வானொலியில் சொல்கிறார்கள், பணக்கார நாடுகளில் பல்கலைக்கழக ஆசிரியர் தொகை இத்தனை காலத்தில் எவ்வளவோ வளர்ந்துவிட்டதாம். எனக்கு உடனே கோபம் வருகிறது. உன்னை எண்ணினார்களா? எண்ணியிருந்தால் எதில் எண்ணினார்கள், கூடியதிலா, குறைந்ததிலா? கேட்கலாமென்றால், உன்னைப்போல் யார் பொறுமையாகச் சொல்லப்போகிறார்கள்?

நோய் வந்து நீ போனபோது லண்டனிலிருந்து உன் தம்பி வந்திருந்தான். கடைக் கண்ணாடிகளில் ஒட்டுவதற்கு மரண அறிவித்தல் அடிக்க வேண்டும். பெயருக்குக் கீழே என்ன போடுவது என்று என்னைக் கேட்டான்.

"பரிஸ் பல்கலைக்கழகக் கணித விரிவுரையாளர் எண்டு போடுங்கோ" என்றேன்.

"அது கொஞ்ச நாள்தானே அக்கா. அதுவும் மணித்தியாலக் கணக்கிலை. கனகாலம் கடையிலைதானே நிண்டவ."

"அப்ப கடையையும் போடுங்கோ."

"செத்தவீட்டு நோட்டீசிலை ஆராவது கடைவேலையைப் போடுவினமோ?"

"தம்பி, இந்த நாட்டுச் சட்டத்திலை கடை இல்லாமல் அவவுக்குக் கம்பஸ் இல்லை. ரெண்டையும் போடுங்கோ, இல்லாட்டி ரெண்டையும் போடாதையுங்கோ."

இரண்டையும் போட்டான். லா சப்பல் முழுக்க எனக்கு ஏச்சு. படித்த பிள்ளையைச் செத்த பிறகும் சிறுமைப்படுத்திவிட்டேனாம். சரியைத்தான் செய்தேன் என்று அன்று எல்லோரிடமும் சண்டை பிடித்தேன். இப்போது தெரியவில்லை. மற்றதைப் போடாமல் விரிவுரையாளர் என்பதை மட்டும் போட்டிருந்தால் நீ அதிகம் சந்தோஷப்பட்டிருப்பாயோ? யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் கூடுகிறது.

அந்த அறிவித்தலை முதலாளி அண்ணை தன் கடைக் கண்ணாடியில் தானே ஒட்டினார். ஒட்டிவிட்டு அதன் முன்னால் நின்று வாசித்தார். பல்கலைக்கழகத்தின் பெயர், அதற்குக் கீழே அவருடைய கடையின் பெயர். நான் பக்கத்தில் நின்றேன். என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"பிள்ளை, நான் அண்டைக்கு மரியாதை செய்யாமல் விட்டிருந்தால், ரீச்சர் கடைசி வரைக்கும் படிப்பிச்சிருப்பாவோ?"

ஓம் என்றால் அந்த மனுசன் அங்கேயே விழுந்துவிடுவார். இல்லை என்றால் அது பொய்யோ உண்மையோ எனக்குத் தெரியாது. கடைக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள், நான் உள்ளே போனேன். அவரும் பிறகு உன் வழியே போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் கேள்வி மட்டும் என்னிடம் நின்றுவிட்டது. நீ இருந்திருந்தால் "ரெண்டும்தான்" என்று சொல்லியிருப்பாய், நானும் உன்னை ஏசியிருப்பேன்.